பின் ஆசனத்தின் கட்சி

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் முன்பக்கத்தைப் பற்றியே பேசுகிறார்கள். இன்ஜினுக்கு எத்தனை குதிரைச் சக்தி, விளக்கு எவ்வளவு தூரம் ஒளி வீசும், முகப்பு எவ்வளவு கம்பீரமாயிருக்கிறது என்பதெல்லாம் சம்பாஷணைக்கு வருகின்றன. பின்பக்கத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இதற்குக் காரணம் உண்டு. வண்டியைப் பற்றிப் பேசுகிறவர் வண்டியை ஓட்டுகிறவர். ஓட்டுகிறவர் முன்னால் உட்காருகிறவர். பின் ஆசனத்தில் உட்காருகிறவர்கள் யார்? வீட்டுப் பெரியவர்கள், பள்ளிக்கூடத்துக்குப் போகும் குழந்தைகள், மடியில் பலகாரக் கூடையை வைத்துக்கொண்டிருக்கும் மாதரசிகள். இவர்களுக்கு வண்டி விஷயத்தில் ஓட்டுரிமை கிடையாது. ஆனால் சிறிய வண்டிகளில் பின் ஆசனம் ஏறக்குறையப் பின் சக்கரங்களுக்கு மேலேயே அமைந்திருப்பதால், சாலையிலுள்ள பள்ளமும் மேடும் தங்கள் புகாரைத் தெரிவிப்பதெல்லாம் இவர்களுடைய முதுகெலும்பினிடந்தான்.

இந்தக் கட்சியை எடுத்துப் பேசவேண்டிய அவசியம் நமக்குச் சென்ற வருஷம் ஏற்பட்டது.

நாம் சேலத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பௌதிகம் கற்பிக்கிறோம். நம் தமக்கையாரின் பிள்ளை கோயம்புத்தூரில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் இன்ஜினீயர். நல்ல பிள்ளை, கெட்ட வழக்கம் எதுவும் இல்லை, மோட்டார் மோகம் ஒன்றைத் தவிர. அவன் போலோ ஜி.டி. என்னும் வண்டியைக் கைமாற்றாக வாங்கினான். ஜெர்மானிய வோக்ஸ்வாகன் கம்பெனியார் புனாவுக்கு அருகே சாக்கனில் தயாரித்த வண்டி அது. 2013-ல் வெளிவந்த இந்த ரகத்தின் இன்ஜின் 1.2 லிட்டர் கொள்ளளவே உள்ளது. சக்தியோ 105 குதிரை. போலோ உற்பத்தி இந்நாட்டில் 2022-ல் நின்றுவிட்டது. நின்றுபோன பிறகு அதன்மேல் வாலிபர்களுக்குப் பிரேமை இன்னும் அதிகமாயிற்று. கிடைக்காத பொருளுக்கு மதிப்பு ஏறுவது உலக இயல்பு அல்லவா?

அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் ஒரு ஜாபிதாவுடன் வந்தான். வண்டியின் பின்பக்கத்து ஸஸ்பென்ஷனை மாற்றப்போவதாகச் சொன்னான். ஜாபிதாவில் மூன்று இனங்கள் இருந்தன. வண்டியை 35 மில்லிமீட்டர் தாழ்த்தும் கடினமான ஸ்பிரிங்குகள் முதலாவது. அவற்றுக்கு ஏற்ற ஷாக் அப்ஸார்பர்கள் இரண்டாவது. திருப்பத்தில் வண்டி சாயாமல் தடுக்கும் ஆன்டி-ரோல் பார் என்னும் இரும்புத் தண்டு மூன்றாவது. அவன் வந்தது நமது அபிப்பிராயத்தைக் கேட்க அல்ல, ஆசீர்வாதம் வாங்க. ஏனெனில் அவன் தாயார், "உன் மாமா சரி என்று சொன்னால் செய், இல்லாவிட்டால் அந்த வண்டியில் நான் ஏறமாட்டேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தமக்கையாருக்கு முதுகெலும்பின் அடிப்பாகத்தில் ஒரு வட்டு நழுவியிருக்கிறது. மாதம் ஒரு முறை வைத்தியத்துக்காகக் கோயம்புத்தூர் போய் வர வேண்டும். சுமார் 160 கிலோமீட்டர் பிரயாணம். பிள்ளை ஓட்ட, தாயார் பின் ஆசனத்தில் தலையணையை முதுகுக்கு அண்டக்கொடுத்துக்கொண்டு போவார். ஆகையால் அந்த ஜாபிதா வண்டியை மட்டும் பொறுத்ததல்ல என்பது நமக்கு உடனே தெரிந்தது.

பையனுடைய கட்சியை முதலில் சொல்லிவிடுகிறோம். அதில் நியாயம் இல்லாமலில்லை. வண்டி 80,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. நெடுஞ்சாலையில் பாலங்களின் இணைப்பைத் தாண்டும்போது பின்பக்கம் ஒரு முறை எழும்பி அடங்காமல், இரண்டு மூன்று தடவை படகு போல் ஆடுகிறது. கொல்லிமலைப் பாதையிலுள்ள 70 கொண்டை ஊசி வளைவுகளில் சற்று வேகமாகத் திருப்பினால் முன்பக்கம் வளைய மறுத்து வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டு போகிறது. "இது ஆபத்து இல்லையா, மாமா? கடினமான ஸ்பிரிங் போட்டால் ஆட்டம் நிற்கும்; தண்டைப் போட்டால் வண்டி திரும்பும்" என்றான்.

நோயைச் சரியாகத்தான் சொன்னான். மருந்தைத்தான் விசாரிக்க வேண்டியிருந்தது.

ஸ்பிரிங் என்பது கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்கும் ஆசாமி. அதன்மேல் எவ்வளவு சுமை ஏற்றுகிறோமோ அந்த அளவுக்கு அமுங்கும். சுமை இரட்டித்தால் அமுக்கமும் இரட்டிக்கும். ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி 1678-ல் வெளியிட்ட இந்த விதியை ஒன்பதாம் வகுப்புப் பையன்கள்கூட ஒப்பிப்பார்கள். ஆனால் அமுங்கும்போது வாங்கிய சக்தியை ஸ்பிரிங் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. அப்படியே திருப்பித் தள்ளும்; வண்டி மேலே போகும், கீழே வரும், மறுபடி போகும். இந்தக் கொடுக்கல் வாங்கலை முடித்து வைக்கிற பஞ்சாயத்தார் ஷாக் அப்ஸார்பர். அதன் உருளைக்குள் இருக்கும் எண்ணெய் சிறு துவாரங்களின் வழியாகப் பிழியப்படும்போது ஆட்டத்தின் சக்தி உஷ்ணமாகிக் காற்றில் கலந்துவிடுகிறது.

ஆகவே, பாலத்தைத் தாண்டியபின் வண்டி படகு போல் ஆடினால் குற்றவாளி ஸ்பிரிங் அல்ல, தேய்ந்துபோன ஷாக் அப்ஸார்பர். அதை விட்டுவிட்டு ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால், ஆட்டம் நிற்காது. இன்னும் வேகமான ஆட்டமாக மாறும்.

அடுத்தபடியாக ஒரு பரிசோதனை செய்து பார்ப்பது என்று தீர்மானித்தோம். நமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் வந்து, வண்டியின் அடியில் படுத்து, பின்பக்க ஷாக் அப்ஸார்பரின் ரப்பர் உறையை நீக்கிக் காட்டினார். சக்கரம் மிதமிஞ்சி மேலே ஏறினால் இரும்போடு இரும்பு மோதாதபடி உள்ளே ஒரு மெத்தென்ற முட்டு இருக்கிறது. வெறும் வண்டியில் அந்த முட்டைத் தொடுவதற்கு முன் சக்கரத்துக்குச் சுமார் 80 மில்லிமீட்டர் இடம் இருந்தது. பிறகு பின் ஆசனத்தில் மூன்று பேரை ஏற்றினோம்: நம் தமக்கையார், நம் கிருகலக்ஷ்மி, அண்டை வீட்டிலுள்ள ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மூவரின் கூட்டு எடை 198 கிலோ. தனித்தனி எடையைப் பத்திரிகையில் வெளியிடக் கூடாது என்று வீட்டில் உத்தரவாகியிருக்கிறது. இந்தச் சுமைக்கு வண்டியின் பின்பக்கம் 40 மில்லிமீட்டர் இறங்கிற்று. பாக்கி இடம் 40.

இப்போது ஜாபிதாவிலுள்ள ஸ்பிரிங்கைக் காகிதத்தின்மேல் மாட்டிப் பார்த்தோம். அது வண்டியை 35 மில்லிமீட்டர் தாழ்த்தும். எண்பதில் முப்பத்தைந்து போனால் மிச்சம் 45. அது பழைய ஸ்பிரிங்கைவிட நான்கில் ஒரு பங்கு கடினமானது. ஆகையால் மூவர் ஏறினால் 40-க்குப் பதில் 32 மில்லிமீட்டர்தான் இறங்கும். நாற்பத்தைந்தில் முப்பத்திரண்டு போனால் மிச்சம் 13.

பதின்மூன்று மில்லிமீட்டர் என்பது ஒரு சுண்டுவிரல் அகலம். இந்திய சாலைகள் காங்கிரஸ் வகுத்துள்ள இலக்கணப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ளதாய், 25 கிலோமீட்டர் வேகத்தில் தாண்டத்தக்கதாய் இருக்க வேண்டும். நமது ஊர்களில் உள்ள வேகத்தடைகள் இலக்கணம் பார்த்துப் பிறந்தவையல்ல; ஓர் இரவில் ஒரு கூடை ஜல்லியும் ஒரு கூடைத் தாரும் கொண்டு உண்டானவை. அந்தச் சுண்டுவிரல் அகலம் தீர்ந்தவுடன் சக்கரம் முட்டின்மேல் மோதும். அப்புறம் ஸ்பிரிங்கும் இல்லை, ஷாக் அப்ஸார்பரும் இல்லை. சாலையின் அடி நேரே ஆசனத்துக்குத்தான். சாயந்தரத்தில் திருப்பத்தின் நடுவே இப்படி முட்டினால், பின் சக்கரத்தின் பிடிப்புச் சட்டென்று குறைந்து வண்டியின் வால் வெளியே வீசவும் கூடும்.

பையன் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தான். கணக்கில் பிழை இல்லை. ஆனால் முகம் வாடியது.

கடினத்தைப் பற்றி இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். ஸ்பிரிங் தன் சுமையினால் எவ்வளவு அமுங்கி நிற்கிறதோ அதைக் கொண்டு வண்டி விநாடிக்கு எத்தனை தடவை ஆடும் என்று கணக்கிடலாம். 25 சென்டிமீட்டர் அமுங்கினால் விநாடிக்கு ஒரு தடவை. 11 சென்டிமீட்டரானால் ஒன்றரைத் தடவை. 6 சென்டிமீட்டரானால் இரண்டு தடவை. குடும்ப வண்டிகளை விநாடிக்கு ஒன்று முதல் ஒன்றரைத் தடவை வரையில் ஆடும்படி அமைப்பார்கள். விளையாட்டு வண்டிகளில் இரண்டு வரை போகும். பந்தய வண்டிகளில் அதற்கும் மேலே. மனித உடம்போ விநாடிக்கு நான்கு முதல் எட்டுத் தடவை வரையுள்ள செங்குத்தான அதிர்ச்சியைத்தான் எல்லாவற்றிலும் அதிகமாக உணர்கிறது. ஸ்பிரிங்கைக் கடினமாக்கிக்கொண்டே போவது என்றால், வயோதிகர்களின் இடுப்புக்கு எது ஆகாதோ அந்தத் திசையை நோக்கி நடப்பதாகும்.

இதனால் பின் ஸ்பிரிங்கைக் கூடியமட்டும் மென்மையாக்கிவிடலாமா என்றால் அதுவும் கூடாது. மாரிஸ் ஆலி என்ற ஆங்கில இன்ஜினீயர் 1930-ல் அமெரிக்காவின் காடிலாக் கம்பெனியில் வேலைக்கு அமர்ந்தார். அங்கே ஒரு வண்டியில் பாரங்களை முன்னும் பின்னும் மாற்றி மாற்றி ஏற்றி ஓட்டிப் பார்த்தார். பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக ஆடினால்தான் பிரயாணம் சமமாயிருக்கும் என்பது அவர் கண்டது. மேட்டில் முதலில் ஏறுவது முன் சக்கரம். பின் சக்கரம் சிறிது தாமதித்து ஏறுகிறது. தாமதமாய்ப் புறப்பட்டவன் கொஞ்சம் விரைந்து நடந்தால்தானே முன்னே போனவனோடு சேர்ந்துகொள்ளலாம்? அப்படிச் சேர்ந்துவிட்டால் வண்டி தலையாட்டுவது நின்று, தட்டையாக மேலே எழும்பித் தட்டையாக இறங்கும். ஆகவே பின்பக்கத்துக்குக் கொஞ்சம் விறைப்பு வேண்டியதே. எவ்வளவு என்பதிலேதான் விவேகம் இருக்கிறது.

மூன்றாவது இனமாகிய இரும்புத் தண்டின் விஷயம் இன்னும் சூக்ஷ்மமானது. போலோ போன்ற வண்டிகளில் இரு பின் சக்கரங்களையும் குறுக்கே ஓர் உத்திரம் இணைக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போது அந்த உத்திரம் முறுக்கிக்கொண்டு இடங்கொடுக்கும். 1974-ல் வெளிவந்த கோல்ப், ஸிராக்கோ வண்டிகளில் வோக்ஸ்வாகன் கம்பெனியார் கையாண்ட ஏற்பாடு இது. மலிவானது, இடத்தை அடைக்காதது, உழைக்கக் கூடியது. இதனோடு ஆன்டி-ரோல் பாரையும் சேர்த்தால் உத்திரம் எளிதில் முறுகாது. திருப்பத்தில் வண்டியின் பாரம் வெளிப்புறச் சக்கரத்துக்கு மாறுவது பின்பக்கத்தில் அதிகமாகும். அதற்கு ஈடாக முன்பக்கத்தில் குறையும். முன் சக்கரங்கள் நன்றாகப் பிடிக்கும். வண்டி சொன்னபடி திரும்பும்.

ஆனால் இந்த லாபம் எங்கிருந்து வந்தது? தண்டு புதிதாகப் பிடிப்பை உண்டாக்கவில்லை. பின் சக்கரங்களின் பிடிப்பில் கொஞ்சத்தை எடுத்து, அந்த விலைக்கு முன் சக்கரங்களுக்குச் சலுகை வாங்கிக் கொடுத்திருக்கிறது. உலர்ந்த பந்தயத் தடத்தில், பழகிய கைக்கு, இது நல்ல வியாபாரம். மழைக் காலத்தில் மலைப்பாதையில் இறங்கும்போது, எதிரே பஸ் வருவதைக் கண்டு திடீரென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரம் முன்னுக்குச் சாய்கிறது. ஏற்கனவே கடன்பட்டிருக்கும் பின் சக்கரங்கள் இன்னும் இலேசாகின்றன. வால் வெளியே போகிறது. முன்பக்கம் தள்ளிக்கொண்டு போனால் சாதாரண மனிதன் பயந்து வேகத்தைக் குறைப்பான், குறைத்தால் பிழைப்பான். பின்பக்கம் வழுக்கினால் பயந்து செய்கிற காரியமே அபாயத்தை அதிகமாக்கும். கம்பெனிக்காரர்கள் வண்டியை முன்பக்கம் தள்ளும்படி அமைப்பது அறியாமையினால் அல்ல.

பணம் குறைவாயுள்ளவர்கள் சில இடங்களில் செய்யும் இரண்டு உபாயங்களையும் இங்கே சொல்லிவிடுவது நலம். ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்து எறிவது ஒன்று. சுற்றுகள் குறைந்தால் ஸ்பிரிங் கடினமாகும் என்பது வாஸ்தவந்தான். ஆனால் அறுபட்ட நுனி தன் இருக்கையில் சரியாகப் பொருந்தாது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது இடம் விட்டு நழுவினாலும் நழுவும். சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் போன்ற கட்டையைச் செருகுவது மற்றொன்று. அது ஒரு சுற்றை வேலை செய்யவிடாமல் தடுத்துவிடுகிறது. பாரம் முழுவதையும் மற்றச் சுற்றுகள் சுமக்கின்றன. ஸ்பிரிங்கின் கடினம் கம்பியின் கனத்துக்கு நான்காம் மடங்கில் ஏறுவது. கம்பி பத்தில் ஒரு பங்கு பருத்தால் கடினம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். இவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்டுச் செய்த பொருளில் ரம்பத்தைக் கொண்டு சீர்திருத்தம் செய்வது தகாது.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டாரும் இதை வற்புறுத்தித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். தேய்ந்த பாகத்துக்குப் பதில் அதே இனத்துப் பாகத்தைப் போடுவது வேறு. வண்டியின் அமைப்பையே மாற்றுவது வேறு. எதைச் செய்வதானாலும் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் முன்னதாக விசாரித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இவ்வளவும் பேசியான பிறகு, வாதத்தை முடித்து வைத்தவர் நாமல்ல, பஸ் டிரைவர். முப்பது வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர் அவர். "தம்பி, சாவியை என்னிடம் கொடு. நீ அம்மாவுடன் பின்னால் உட்கார்" என்றார். ஓமலூர் வரையில் போய்க் கிராமத்துச் சாலை வழியாகத் திரும்பினோம். சொந்த வண்டியின் பின் ஆசனத்தில் பையன் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. முதல் வேகத்தடையில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். மூன்றாவதில் தாயாருடைய தலையணையைச் சரிசெய்து வைத்தான். ஐந்தாவதற்குப் பிறகு பேச்சில்லை.

திரும்பி வந்ததும் தமக்கையாரைக் கேட்டோம்: "அக்கா, உங்களுக்கு வண்டி எப்படி இருக்க வேண்டும்?"

அவர் சிறிது யோசித்து, "அலையவும் கூடாது, தம்பி, அடிக்கவும் கூடாது" என்றார்.

பௌதிகத்தில் பட்டம் பெற்று இருபது வருஷமாகக் கற்பித்து வருகிற நம்மால் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அலைவது ஷாக் அப்ஸார்பர் தேய்ந்ததன் அடையாளம். அடிப்பது ஸ்பிரிங்குக்கு இடம் போதாததன் அடையாளம். இரண்டையும் நீக்கினால் பின் ஆசனத்துக்குச் சுகம். சக்கரம் சாலையை விட்டு எழும்பாதிருப்பதால் ஓட்டுகிறவனுக்கும் வேகம். கரடுமுரடான சாலையில் சக்கரம் துள்ளினால், துள்ளுகிற நேரமெல்லாம் அதற்குப் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. ஆகையால் தாயாருடைய இடுப்பும் பிள்ளையினுடைய வேகமும் எதிர்க்கட்சிகள் அல்ல.

ஜாபிதா புதிதாக எழுதப்பட்டது. முதல் செலவு நான்கு நல்ல டயர்களுக்கு. சாலையைத் தொடுவது அவை மட்டுமே. இரண்டாவது, உத்திரத்தை வண்டியோடு இணைக்கும் இடத்தில் வெடித்துப்போயிருந்த ரப்பர் புஷ்களுக்குப் பதில் புதியவை. கல் போன்ற பந்தயப் புஷ்கள் அல்ல, மாமூல் ரப்பரே. மூன்றாவது, நல்ல ரகமான ஷாக் அப்ஸார்பர்கள். இந்த வண்டியில் பின் ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் அப்ஸார்பர் தனியாகவும் இருப்பதால் ஒன்றைத் தொடாமல் மற்றொன்றை மாற்றலாம். ஸ்பிரிங்கை மாற்றியே தீரவேண்டுமென்று பையன் பிடிவாதம் செய்ததால், நூற்றுக்குப் பதினைந்து மட்டும் கடினமானதாக, வண்டியின் உயரத்தைக் குறைக்காததாக ஒன்றைப் பின்னால் பார்த்துக்கொள்வது என்று உடன்பட்டோம். அதைப் போட்டாலும் மூவர் ஏறியபின் 45 மில்லிமீட்டர் மிச்சமிருக்கும். இரும்புத் தண்டு ஒத்திவைக்கப்பட்டது. வேகத்துக்கு ஆசை வந்தால் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறந்த பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே எதிரே பஸ் வராது, பின்னால் தாயாரும் இருக்கமாட்டார்.

வண்டியை மாற்ற நினைக்கும் வாலிப நேயர்களுக்கு நமது விண்ணப்பம் ஒன்றுதான். பணத்தைக் கட்டுவதற்கு முன் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, ஐம்பது கிலோமீட்டர் பின் ஆசனத்தில் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். வீட்டில் எத்தனை பேர் ஏறுவார்கள், எந்தச் சாலையில் போவார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சாமான் வாங்குங்கள். அயல்நாட்டுச் சாலைக்குச் செய்த ஸ்பிரிங் அயல்நாட்டில் நல்ல ஸ்பிரிங்தான். அதைக் குறைசொல்ல நாம் யார்?

டயர்களும் புஷ்களும் ஷாக் அப்ஸார்பர்களும் மாட்டிய பிறகு தமக்கையார் மூன்று முறை கோயம்புத்தூர் போய் வந்துவிட்டார். ஸ்பிரிங்கைப் பற்றிப் பையன் இன்னும் பேச்செடுக்கவில்லை. சென்ற வாரம் அவரிடம், "வண்டி இப்போது வேகமாய்ப் போகிறதா?" என்று விசாரித்தோம்.

"எனக்கு என்ன தெரியும்? அவிநாசி தாண்டினதும் தூங்கிவிட்டேன். சங்ககிரியில்தான் எழுப்பினான்" என்றார்.